திட்டம் தீட்டுவோர் யார்?

பொதுக் கொள்கை என்றொரு படிப்பு இன்று பல்கலைக்கழகங்களிலே புகழுடன் விளங்குகிறது. மக்களின் நல்வாழ்வுக்கும் கல்விக்கும் எத்தனை கோடி ஒதுக்கலாம், எந்த ஊரில் எதைத் திறக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் படிப்பு அது. அந்தப் பட்டத்தைப் பெற்று, ஏழை மக்களுக்குச் சமநீதி காணப் புறப்படும் இளைஞரை நான் கேலி செய்பவனல்ல, வரவேற்கிறேன். ஆனால், ஒரு கேள்வி கேட்காமல் அவரை அனுப்பிவைக்க மனம் ஒப்பவில்லை. எவருக்காகத் திட்டம் தீட்டப்படுகிறதோ, அவருக்கு அதிலே என்ன இடம்? கைநீட்டிப் பெறும் இடமா, கணக்குக் கேட்கும் இடமா?

விடை காண, அமெரிக்காவிலே மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பையூ எனும் சிற்றூருக்கு உங்களை அழைக்கிறேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887-ல் தாமே அமைத்துக்கொண்ட ஊர் அது. அவ்வட்டாரமெங்கும் பருத்தித் தோட்டங்கள். பருத்தி எடுத்த கைகளுக்கு உழைப்பின் உரிய பங்கு கிடைத்ததில்லை. 1960களில் அறுவடைப் பொறியும் களைக்கொல்லியும் பரவியபோது இருந்த வேலையும் போயிற்று. குடிசையிலே பசி, குடிநீரிலே நோய்.

உரிமைப் போராட்ட வீரர்களுக்குத் துணைநிற்க 1964-ல் மிசிசிப்பிக்கு வந்த மருத்துவர்களில் ஒருவர் ஜாக் கைகர். மாணவப் பருவத்தில், 1957-ல், தென்னாப்பிரிக்காவிலே சிட்னி கார்க், எமிலி கார்க் எனும் மருத்துவத் தம்பதியரிடம் பயின்றவர். அவர்கள் 1940-ல் போலேலாவில் அமைத்த நல்வாழ்வு நிலையம், நோயாளியை மட்டுமன்றி அவன் குடிக்கும் நீரையும் உண்ணும் உணவையும் ஆராய்ந்தது. அந்தப் பாடத்துடன், கைகரும் கவுன்ட் கிப்சனும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரால் வாஷிங்டன் அரசின் நிதி பெற்று, 1965-ல் பாஸ்டன் நகரில் ஒரு நிலையமும், 1967-ல் மவுண்ட் பையூவில் மற்றொன்றும் தொடங்கினர். வறுமை ஒழிப்பு நிதியை மாநில ஆளுநர் தடுக்கலாம் என்றிருந்தது சட்டம். உயர்கல்வி நிறுவனத்துக்கு வருவதை மட்டும் தடுக்க இயலாது. சட்டத்தின் சந்துபொந்துகள் சில வேளை ஏழைக்கும் உதவும் போலும்!

மருத்துவர் வந்தார், மருந்து வந்தது என்று முடிந்திருந்தால் இது வெறும் தருமக் கதை. அப்படி ஆகாமற் காத்தவர்களில் முதல்வர் ஜான் ஹாட்ச். சமூகப்பணி பயின்ற கறுப்பினத்தவர். வீடுகளிலும் தேவாலயங்களிலும் மக்களைக் கூட்டி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். எளிய கேள்விதான், அதுவரை அம்மக்களை எவரும் கேளாத கேள்வி! அவர்கள் மாத்திரையை முதலிற் கேட்கவில்லை. உணவு கேட்டனர், வேலை கேட்டனர், நல்ல வீடு கேட்டனர். ஊருக்கு ஊர் நல்வாழ்வுச் சங்கங்கள் எழுந்தன.

ஊட்டமின்றி வாடிய குழந்தைகளுக்கு, மருந்துச் சீட்டிலே பால், காய்கறி, இறைச்சி என்று எழுதினர் மருத்துவர்கள். கடைக்காரர் பொருளைத் தந்தார். நிலையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பணம் பெற்றார். மருந்துப் பணத்தில் உணவா என்று சீறினர் மேலிடத்து அதிகாரிகள். ஊட்டக்குறைவுக்கு மருத்துவ நூல் கூறும் மருந்தே உணவுதானே என்றார் கைகர். அதிகாரிகளிடம் மறுமொழி இல்லை. படித்தவர் பயன்படும் இடம் இதுதான், தோழர்களே! மக்களின் தேவையை, அலுவலகம் மறுக்கமுடியாத மொழியிலே எடுத்துரைப்பது.

ஆயினும், சீட்டில் எழுதித்தரும் பால் எத்தனை நாளைக்கு? ஏறத்தாழ 1,000 குடும்பங்கள் கூடி, வட பாலிவர் கூட்டுறவுப் பண்ணை கண்டன. பருத்திக்குப் பதில் காய்கறி விளைந்தது. நிலையத்தின் பணத்தை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது, மவுண்ட் பையூவில் கிளை திறந்து அவ்வூராரைக் காசாளராக அமர்த்தும் வங்கிக்கே தருவோம் என்றனர். நிலையம் கல்விப் பிரிவொன்றும் நடத்தியது. பள்ளியை இடையில் விட்டவர்கள் அதன்வழி கல்லூரிக்குச் சென்றனர். மருத்துவராகவும் செவிலியராகவும் பொறியாளராகவும் வெளிவந்தனர். நல்வாழ்வு ஒரு இலாகா, கல்வி வேறு இலாகா என்று பிரிப்பது கோட்டையில் அமர்ந்திருப்போரின் வசதி. குடிசையிலே அப்படிப் பிரிவினை ஏது?

"எழுத்தறியாதோர் கையில் நிதியா? நிர்வாகம் என்னாவது?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. அவர்களுக்கு எல்.சி. டோர்சியைக் காட்டுகிறேன். 1938-ல் பங்குக் குத்தகைக் குடும்பத்திலே பிறந்தவர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெண். ஆறு குழந்தைகளின் தாய். உரிமைப் போரில் ஈடுபட்டார். கூட்டுறவுப் பண்ணையை நடத்தினார். பிறகு பல்கலைக்கழகம் புகுந்து, சமூகப்பணியிலே முனைவரானார். 1988-ல், அதே மவுண்ட் பையூ நிலையத்தின் இயக்குநராக வந்தமர்ந்தார்! பட்டம் அவரைத் தலைவியாக்கவில்லை. தலைவியாக வளர்ந்தவர் பட்டத்தையும் தேடிப் பெற்றார்.

டெல்டாவில் வறுமை ஒழிந்துவிட்டதென்று நான் பொய்யுரைக்க மாட்டேன். இன்றும் அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளில் ஒன்று அது. ஒரு நிலையம் நிலவுடைமையை மாற்றிவிடாது. ஆனால், அங்கே ஊன்றிய விதை நாடெங்கும் பரவி, இன்று ஏறத்தாழ 1,400 அமைப்புகளாகி, 3 கோடிக்கு மேற்பட்டோருக்கு மருத்துவம் தருகிறது. 1975-ல் வந்த சட்டத்தின்படி, பொதுவாக அவற்றின் ஆட்சிக்குழுவிலே பாதிக்கு மேற்பட்ட இடங்கள் அங்கு மருத்துவம் பெறும் மக்களுக்கே உரியன. இயக்குநரை அமர்த்துவதும் அக்குழு, நீக்குவதும் அக்குழு. பட்டம் பெற்று அங்கே பணிபுரியச் செல்லும் இளைஞர், தம் திட்டத்தை விரித்துவைத்து ஒப்புதல் கேட்கவேண்டியது அவர்களிடம்.