இத்தாலியின் ஐந்து ஊரும் நம் மணக்குடியும்

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பிள்ளை தன் இத்தாலிப் பயணப் படங்களைப் போட்டிருந்தாள். மலைச் சரிவில் அடுக்கிவைத்த மாதிரி மஞ்சளும் ரோஸும் செம்மண் நிறமுமாக வீடுகள், கீழே நீலக் கடல். ரொம்ப அழகு, பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதன் கீழே இன்னொருவன் எழுதியிருந்தான்: "நம்ம கன்னியாகுமரி பக்கம் இருக்கிற மீனவர் கிராமத்துக்கெல்லாம் இப்படி பெயிண்ட் அடிச்சு விட்டா உலகமே வரும் டீச்சர். நம்ம கவர்மென்டுக்குத்தான் தெரியல." அதற்கு நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள்.

எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரு வரியில் மறுத்து எழுதிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் நான் நடந்திருக்கிறேன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இத்தாலி. மகள் ஜெர்மனியில் இருப்பதால் 2023 செப்டம்பரில் அந்தப் பக்கம் போக வாய்த்தது. முப்பது வருஷம் கரும்பலகையில் பூட்ஸ் மாதிரி வரைந்து காட்டிய நாடு. அந்த பூட்ஸின் மேல் விளிம்பில், மேற்குக் கரையில் லிகூரியா என்ற பகுதி. அங்கேதான் மொந்தெரொஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்ற ஐந்து ஊர்கள் இருக்கின்றன. மொத்தமாக 'சிங்க்வே தெர்ரே' என்கிறார்கள். ஐந்து நிலங்கள் என்று பொருள். நமக்கு உடனே ஐந்திணை ஞாபகம் வரும். ஆனால் அங்கே ஐந்துமே நெய்தல்தான், கொஞ்சம் குறிஞ்சி கலந்த நெய்தல்.

நாங்கள் மொந்தெரொஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சா வரை நடந்தோம். மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் படி ஏறி இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் முட்டி என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பாதையில் நடக்க அட்டை வாங்க வேண்டும். அப்போது ஏழரை யூரோ. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போனால் அபராதம் உண்டு. (இதை என் வீட்டுக்காரரிடம் முதல் நாள் இரவே சொல்லி ஷூ வாங்க வைத்தேன்.)

படத்தில் வீட்டின் நிறம்தான் தெரியும். நேரில் நடக்கும்போது கண்ணில் படுவது கல். மலைச் சரிவு முழுக்க, சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள். நூற்றாண்டுகளாக அந்த ஊர்க்காரர்கள் கையால் கட்டியவை. சுவருக்குச் சுவர் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு மண், அதில் திராட்சை. நாம் சுற்றுலாவுக்கு நடக்கும் அந்தப் பாதை அவர்கள் வயலுக்கும் பக்கத்து ஊருக்கும் போன வழி. 1997இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மனிதர்கள் உழைத்து உருவாக்கிய நிலத்தோற்றம் என்பதற்காக. 1999இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சாந்தில்லாமல் கல் அடுக்கும் அந்தத் தொழிலையே 2018இல் யுனெஸ்கோ தனியாக ஒரு பட்டியலில் சேர்த்தது.

இப்போது அந்த மலையில் சுவரைப் பராமரிக்க ஆள் இல்லை. ஐந்து ஊரும் சேர்த்து சுமார் நாலாயிரம் பேர்தான். வருகிறவர்கள் ஆண்டுக்குப் பல லட்சம். திராட்சைத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்வதைவிட வீட்டு மாடியை வாடகைக்கு விடுவது லாபம் என்றால் யார்தான் குனிவார்கள்? கைவிட்ட சுவர் மழையில் சரிகிறது. 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் மொந்தெரொஸ்ஸோவிலும் வெர்னாட்சாவிலும் சேறு வந்து தெருவையே மூடியது, உயிர்ச்சேதமும் ஆனது. ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே 'காதல் பாதை' என்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத வழி ஒன்று உண்டு. 2012இல் மேலிருந்து கல் விழுந்து சுற்றுலாப் பயணிகள் காயம்பட்டதும் அதை மூடினார்கள். முழுதாகத் திறக்க 2024 ஆனது. நான் போனபோது அதன் வாசலை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறினேன்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து ஊருக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. மலையைக் குடைந்து 19ஆம் நூற்றாண்டில் போட்ட பாதை. கால் வலித்தால் அடுத்த ஊரில் ஏறிக்கொள்ளலாம். சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வந்தால் கடல், மறுபடி சுரங்கம். காய்கறிப் பையோடு உள்ளூர்ப் பாட்டி ஒருவரும் அதே பெட்டியில்தான் வந்தார், என்ன, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தார். எங்கள் கூட்டம்தான் இடத்தை அடைத்திருந்தது. மகள் எழுந்து இடம் கொடுத்தாள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்து, எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். நானும், வீட்டுக்காரரும், என்னோடு பணிபுரிந்து ஓய்வுபெற்ற இன்னொரு டீச்சரும். கோவளத்தில் (நம் ஈசிஆர் கோவளம் இல்லை, குமரிக் கோவளம்) தொடங்கி கீழமணக்குடி, மேலமணக்குடி, பள்ளம், சங்குத்துறை, இராஜாக்கமங்கலம் துறை, முட்டம் என்று மூன்று நாள் காலையில் மட்டும் நடந்தோம். முழுக்க நடந்தோம் என்று சொல்ல மாட்டேன். பாதி நடை, பாதி பஸ். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய எல்லாத் துறைக்கும் டவுன் பஸ் வருகிறது.

பெயிண்ட் அடிக்கச் சொன்ன தம்பி, நீ அங்கே ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே யாரும் பெயிண்டுக்குக் காத்திருக்கவில்லை. பச்சை வீடு, ஊதா வீடு, கிளிமூக்குச் சிவப்பில் மாடிக் கைப்பிடி. முனைக்கு முனை குருசடி, அதற்கு ஒரு நிறம். ஊரைவிட உயரமாக வெள்ளையும் நீலமுமாக மாதா கோவில். கரையில் இழுத்து வைத்த ஃபைபர் வள்ளம் ஒவ்வொன்றுக்கும் அந்தோணியார் பெயரோ ஆரோக்கிய மாதா பெயரோ, மூன்று நிறத்தில். கடலிலிருந்து பார்த்துத் தன் வீட்டை அடையாளம் தெரிய வேண்டும் என்றுதான் நிறம் அடித்தார்கள் என்று இத்தாலியில் ஒரு கதை சொல்கிறார்கள். நம் ஆட்கள் கடலுக்குள்ளிருந்து மருந்துவாழ்மலையையும் கோவில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்து எந்தப் பாறைக்கு மேல் நிற்கிறோம் என்றே சொல்லிவிடுவார்கள்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. கீழ, மேல மணக்குடிகளை இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அப்படியே தூக்கிக் கொண்டுபோனது. உங்களில் பலருக்கு அப்போது அரையாண்டு விடுமுறை, டிவியில் பார்த்திருப்பீர்கள். பிறகு கட்டிய பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர் வைத்திருக்கிறார்கள். காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்துறையைப் பார்த்தவர், அந்த மண்ணின் பெண். நான் வகுப்பில் அவர் பெயரைச் சொன்னது யாருக்காவது நினைவிருக்கிறதா? பாடப்புத்தகத்தில் இல்லாததால் நினைவிருக்காது, போகட்டும்.

பாலத்தில் நின்று காலை ஏழு மணிக்குப் பார்த்தால் ஒரு பக்கம் கழி, அலையாத்தி மரங்கள், கொக்கு. மறு பக்கம் அலை. வெர்னாட்சாவுக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததல்ல. பள்ளத்தில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "எதுக்கு வெயில்ல நடக்கிய, பஸ்ஸு உண்டுல்லா?" என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தோம் என்றதும், சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சொம்பில் வெள்ளம் கொண்டுவந்தார். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். அந்த ஒரு சொல்லுக்காகவே திருவிதாங்கூர் வரலாற்றை ஒரு பீரியட் நடத்தலாம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மண் அல்லவா!

முட்டம் உங்களுக்குத் தெரியும். பாரதிராஜா 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த ஊர். பாறை, செம்மண், கலங்கரை விளக்கம். அங்கே மட்டும்தான் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்தோம்.

இனி கசப்பான பகுதி. பல இடங்களில் கரையோரமாகவே நடக்க முடியவில்லை, நடக்க மணலே இல்லை. கடல் அரிக்கிறது என்று பாறாங்கல் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சில துறைகளில் வள்ளத்தை இழுத்து வைக்கவே இடம் குறுகிவிட்டது. தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்யும் செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேரைக் கொண்டுபோனதும் இதே மாவட்டத்தில்தான். அதே காலத்தில் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே என்றார்கள். ஊரே திரண்டு எதிர்த்தது. இன்றுவரை அது வரவில்லை. அன்று வந்திருந்தால் நாங்கள் நடக்கத் தொடங்கிய முதல் நாள் வழியே இருந்திருக்காது.

இந்த நிலையில் "அழகுபடுத்தி டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கலாம்" என்று சொன்னால், எனக்கு உடனே எழும் கேள்வி, யாருக்காக என்பதுதான். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கடற்கரையில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. மீனவருக்கு வீடு கட்ட வசதி என்றார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த 150 மீட்டரை அதிக விலை கொடுத்து வாங்கக் கூடியவர் வலை பின்னுகிறவரா, ரிசார்ட் கட்டுகிறவரா? ஈசிஆரில் மகாபலிபுரம் வரை பஸ்ஸில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவருக்கும் கேட்டுக்கும் நடுவே கடல் எங்காவது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

அப்போது ஒன்றுமே செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். இத்தாலியிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்குத் தெரிந்து இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டும் பெயிண்ட் இல்லை.

ஒன்று, ஊருக்கு ஊர் வண்டி. நமக்கு ரயில் வேண்டாம், இருக்கிற டவுன் பஸ்ஸே போதும், துறைக்குத் துறை ஒழுங்காக ஓடினால். ஆனால் அது முதலில் மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கான பஸ்ஸாக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் வயதான அம்மா ஒருவரை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸை விட்டு இறக்கிவிட்ட செய்தி நினைவிருக்கிறதா? சம்பந்தப்பட்ட ஊழியர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்த அம்மாவை இறக்கிவிடும் பஸ்ஸில் கேமராவோடு ஏறும் நமக்கு ஜன்னல் சீட் கிடைத்தால் அது சுற்றுலா வளர்ச்சி ஆகுமா?

இன்னொன்று கழிப்பறை. சிரிக்காதீர்கள். அறுபது தாண்டிய மூன்று பேர் காலையில் நடக்கும்போது இதுதான் முதல் பிரச்சினை. இத்தாலியில் ரயில் நிலையத்தில் காசு கொடுத்தால் சுத்தமான இடம் கிடைத்தது. குமரியில் இரண்டு ஊரில் முன்பின் தெரியாத வீட்டுப் பெண்கள்தான் எங்களுக்குக் கதவு திறந்தார்கள். ஏலக் கூடத்தில் விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் மீன்காரப் பெண்களுக்கு எத்தனை இடத்தில் இந்த வசதி இருக்கிறது என்று சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எண்ணட்டும். அவர்களுக்குக் கட்டினால் நமக்கும் ஆயிற்று.

நடக்கிறவர்களிடம் ஒரு சின்னத் தொகை வாங்கலாம் என்பதும் என் கருத்து. அதை அந்தந்த ஊர்க் கமிட்டியே வாங்கட்டும், அதைக் கரைக்கே செலவிடட்டும். எத்தனை பேர் வரலாம், திருவிழா நாளில் வரலாமா, மீன்பிடித் தடைக்காலத்தில் வலை சரிசெய்கிறவரைப் படம் எடுக்கலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும். வெர்னாட்சாவில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள் என்று நாலு மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். கூட்டம் அளவு மீறிய பிறகு வைத்த போர்டு அது. நம் ஊரில் கூட்டம் வருவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

இத்தாலி போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பாதிக்கிறீர்கள், போய்வாருங்கள், எனக்கும் படம் அனுப்புங்கள். ஆனால் என் மாணவர்களில் பொதுப்பணித்துறையில் இருக்கிறீர்கள், போக்குவரத்துக் கழகத்தில் இருக்கிறீர்கள், டேங்க் ஃபேக்டரியிலிருந்து ஓய்வுபெற்றவர்களும் வந்துவிட்டீர்கள், ஒருத்தி கட்டடக்கலை படித்து அலுவலகமே வைத்திருக்கிறாள். உங்களில் யாராவது ஒரு நாள் குமரிக்கரையைப் பற்றி ஒரு கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வரலாம். அதற்கு முன்னால் அந்தக் கரையில் ஒரு முறை நடந்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வரும் ஜனவரியில் நாங்கள் முட்டத்திலிருந்து கடியப்பட்டினம், மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல் வரை போவதாக இருக்கிறோம். 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடத்தில் வெற்றித்தூண் இருக்கிறது, அதுவரை. வருகிறவர்கள் தீபாவளிக்குள் சொன்னால் ரயில் டிக்கெட் போட வசதி. காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கிவிடுவோம், பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம். தொப்பி, தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு. டிரோன் கேமரா கொண்டு வருகிறவர்கள் வேறு குழு பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் டீச்சர்,
கோவில்பதாகை