புல்லட் ரயிலும் பெரக்கரை நாட்டுப் பேருந்தும்

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் ஒருவருடைய நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அதிவேக ரயில் பற்றிய நம் விவாதம் எங்கே வழி தவறுகிறது என்பது புலப்படும். மலைமேல் ‘நாடு’ என்று அழைக்கப்படும் பகுதிகளில் பெரக்கரையும் ஒன்று. ஊராட்சிக்கும் அதே பெயர்தான். செம்மேட்டுக்கு வந்து, காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல்லைத் தொட எப்படியும் இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சேலம் சந்திப்புக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சேலத்திலிருந்து சென்னை 334 கி.மீ.; அதை வந்தே பாரத் ஏறத்தாழ 3 மணி 40 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஆனால் கோவையிலிருந்து வரும் அந்த ரயில் காலை எட்டு மணி வாக்கில் சேலத்தைத் தாண்டிவிடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் மலையில் கோழி கூவுவதற்கு வெகு முன்பே புறப்பட்டாக வேண்டும். இப்போது அந்த 334 கி.மீ. தூரத்தை மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் இரண்டு மணி நேரம் சிறியதல்ல. ஆனாலும் சேலத்தில் நிற்கும் ரயில் கண்ணுக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டால், அடுத்ததற்குக் காத்திருப்பதிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. அப்படியொரு ரயில் சேலம் வழியாக வருவதாக இப்போதைக்கு எந்த அறிவிப்பும் இல்லை. 2009 டிசம்பரில் ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட ‘விஷன் 2020’ ஆவணத்தில் சென்னை – பெங்களூரு – கோவை – எர்ணாகுளம் தடம் ஆறு அதிவேகத் தடங்களில் ஒன்றாக இருந்தது. 2012-இல் தமிழக அரசு வெளியிட்ட ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ அதிவேக ரயிலைக் கன்னியாகுமரி வரைக்கும் கனவு கண்டது. இரண்டு ஆண்டுகளும் வந்து போய்விட்டன. 2026-27 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஏழு தடங்களில் சென்னை – பெங்களூரு, சென்னை – ஹைதராபாத் ஆகிய இரண்டும்தான் தமிழ்நாட்டைத் தொடுபவை. பெங்களூருத் தடத்துக்குப் பேசப்பட்டுவரும் வழி பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், கோலார் என்று போகிறது. ஆக, மாநிலத்தின் வட ஓரத்தை உரசிக்கொண்டு போகும் பாதைக்காகத்தான் இங்கே ‘வேண்டும்’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறோம்.

இந்த இரண்டு கட்சிகளும் ரயிலின் உச்ச வேகத்தை வைத்தே பேசுகின்றன. ஒரு கட்சிக்கு 320 கி.மீ. வேகம் பெருமை, மற்றதற்கு அது ஆடம்பரம். பயணிக்கோ ரயில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, தன் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரவேண்டிய இடத்தின் வாசல் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு. அந்த நேரத்தின் பெரும்பகுதி ஓடும் ரயிலுக்குள் செலவாவதில்லை. பேருந்து நிறுத்தத்திலும், ரயில் மாறும் நடைமேடையிலும், நகருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டிய நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ஆட்டோவிலும் அது செலவாகிறது. வேகத்துக்கு என்று ஒதுக்கும் பணத்தை முதலில் இந்த இடைவெளிகளில் போட வேண்டும், அதிவேகப் பாதையை அதற்குப் பிறகு, பழைய பாதை நிரம்பி வழிகிற இடத்தில் மட்டும் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் செய்துகாட்டிய நாடு ஒன்று இருக்கிறது, அதுவும் மலைநாடு. பிரான்சும் ஜப்பானும் அதிவேகப் பாதைகளைப் போட்டுக்கொண்டிருந்த 1980களில், சுவிட்சர்லாந்து வேறு கேள்வியை எழுப்பிக்கொண்டது. 1987 டிசம்பரில் அந்நாட்டு மக்கள் வாக்களித்து ஏற்ற ‘ரயில் 2000’ திட்டம், முதலில் கால அட்டவணையை எழுதிவிட்டு அதற்கேற்றபடி பாதையைக் கட்டுவது என்ற அடிப்படையில் உருவானது. பெரிய சந்திப்பு நிலையங்களுக்கு எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்து சேரும். பயணிகள் மாறிக்கொண்டதும், மணி அடித்துச் சில நிமிடங்களில் கிளம்பிவிடும். இதற்கு இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக இருந்தால் போதும். பெர்ன் – சூரிச் ஓட்டம் 69 நிமிடமாக இருந்தது. அது மணிக்குள் அடங்காததால் 200 கி.மீ. வேகத்துக்கு 45 கி.மீ. புதுப் பாதை போட்டார்கள். 2004 டிசம்பரில் ஓட்டம் 56 நிமிடமாகிவிட்டது. அதற்கு மேல் வேகம் தேவைப்படவில்லை, அதனால் அதற்குச் செலவழிக்கவும் இல்லை. மலையூர்களுக்கு ஏறும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து நிலைய வாசலில் அந்த ரயிலுக்காகக் காத்து நிற்கும். முந்நூறு கிலோமீட்டர் வேகப் பாதை ஒன்றுகூட இல்லாத அந்த நாட்டில்தான், உலகிலேயே ரயிலை அதிகம் நம்பி வாழும் மக்களும் இருக்கிறார்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. நாமக்கல் நகரம் ரயிலைக் கண்டதே 2013-இல்தான். 1990களில் ஒப்புதல் பெற்ற சேலம் – கரூர் பாதை 85 கி.மீ. தூரம், ராசிபுரம், களங்காணி, நாமக்கல், மோகனூர் என்று போகும் ஒற்றைப் பாதை. முட்டைக்கும் லாரிக்கும் நாடறிந்த ஊருக்கு இவ்வளவு காலம் ரயில் இல்லாமல் இருந்தது நியாயமா என்று அன்று பெரிதாக யாரும் விவாதிக்கவில்லை. கொல்லிமலையின் தெற்கு அடிவாரத்தை ஒட்டி, அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை, இன்னும் கோரிக்கைதான். மொரப்பூர் – தருமபுரி இடையே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட 36 கி.மீ. பாதையை மீண்டும் போட 2019-இல் தான் அடிக்கல் நாட்டினார்கள். இருக்கிற ரயிலும் பேருந்தும்கூட ஒன்றையொன்று அறியாமலே ஓடுகின்றன. தெற்கு ரயில்வே தன் அட்டவணையைத் தானே போடுகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் தன்னுடையதைத் தானே போடுகிறது. சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஓர் அமைப்பாவது உண்டு. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அதுவும் இல்லை.

பணத்தையும் பார்த்துவிடுவோம். மும்பை – அகமதாபாத் புல்லட் ரயில் தடம் 508 கி.மீ.; தொடக்க மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 212 கோடி. 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது 2022, 2023 என்று சொன்ன கெடு கடந்து, இப்போது சூரத் பகுதியில் ஒரு துண்டு 2027-இல் ஓடும் என்கிறார்கள். செலவும் அந்தப் பழைய எண்ணில் நிற்கப்போவதில்லை. இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2019-இல் டெல்லி – மும்பைப் பழைய பாதையை 160 கி.மீ. வேகத்துக்கு உயர்த்த மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 1,483 கி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 6,800 கோடி, கிலோமீட்டருக்கு ஐந்து கோடிக்கும் குறைவு. வந்தே பாரத் பெட்டிகள் 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டவை, தமிழ்நாட்டுப் பாதைகளில் 130-க்கு மேல் ஓட முடிவதில்லை, சராசரியாகப் பார்த்தால் கோவை வந்தே பாரத்தே 85 கி.மீ. தான். வண்டி தயாராக இருக்கிறது, தண்டவாளமும் சிக்னலும் வேலியும்தான் பின்தங்கியிருக்கின்றன. இடையில் நிற்கும் வழி ஒன்றும் உண்டு என்பார்கள்: டெல்லி – மீரட் போல 160 கி.மீ. வேக மண்டல ரயில். தமிழக அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் கோவை – திருப்பூர் – ஈரோடு – சேலம் உள்ளிட்ட மூன்று தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வை அறிவித்தது. தூரத்தையும் ஊர்களையும் வைத்துப் பார்த்தால் அது பொருத்தமான யோசனைதான். ஆனால் டெல்லி – மீரட் தடம் 82 கி.மீ. தூரத்துக்கு 30,000 கோடியைத் தாண்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் அது புல்லட் ரயிலின் தொடக்க மதிப்பீட்டையே மிஞ்சுகிறது. நடுவழி என்பதாலேயே அது மலிவாகிவிடாது.

பணம் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக வரும்: மும்பை புல்லட் ரயிலுக்கு வருவது ஜப்பான் தரும் கடன், 81 சதவீதத்துக்கு, 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுத் தவணையில். புல்லட் ரயிலை வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பணம் குக்கிராமச் சாலைக்கு வந்துவிடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்குக் கடன் தந்ததும் ஜப்பான்தான். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் ஜப்பான் கடனில் வந்ததுதான். எதற்குக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே கடன் கிடைக்கிறது. நல்ல பொறியாளர்களும், கோப்பை விரட்டி நகர்த்தும் அதிகாரிகளும் இதே கணக்கில் சேர்கிறார்கள். அவர்கள் எந்தத் திட்டத்தில் உட்காருகிறார்களோ அதுதான் நகரும்.

ஜப்பானிலும் தொடக்கத்தில் இப்படித்தான் எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பைக் கேட்டிருந்தால் ஷின்கான்சென் பிறந்திருக்குமா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். செலவு மதிப்பீட்டைப்போல் இரு மடங்காக எகிறியதால், அதற்குக் காரணகர்த்தாக்களான ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிடியோவும் 1964 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ரயில் புறப்படும் முன்பே பதவி விலகிப் போயிருந்தார்கள். பின்னால் அந்த ரயில் உலகத்தையே மாற்றியது. ஆனால் அது ஓடிய இடத்தைக் கவனிக்க வேண்டும். டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த பழைய டோக்கைடோ பாதை, நாட்டு ரயில் பாதைகளில் மூன்று சதவீத நீளமே கொண்டிருந்தும் பயணிகளில் ஏறத்தாழ கால்பங்கைச் சுமந்து திணறிக்கொண்டிருந்தது. நெரிசலுக்குப் புதுப் பாதை தேவைப்பட்டது. புதிதாகப் போடுவதை வேகமாகவும் போட்டார்கள். ஸ்பெயினில் வரிசை மாறியது. பல ஆயிரம் கிலோமீட்டர் அதிவேகப் பாதை போட்ட அந்த நாட்டில், குவாதலஹாரா என்ற ஊருக்கான நிலையத்தை ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளிக் கட்டி, இறங்க ஆளில்லாமல் வெறிச்சோட விட்டார்கள்.

நெரிசல் என்ற இந்த அளவுகோலை வைத்தால் சென்னை – பெங்களூரு தடத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. 362 கி.மீ. தூரம், விமானம் ஏறுகிறவர்கள் ஏராளம், காட்பாடி வழியாக ஜோலார்பேட்டை வரை ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் பாதை. பெரக்கரை நாட்டின் பக்கம் நின்று பார்த்தாலும் இதில் ஒரு லாபம் தெரிகிறது. ஆதரவாளர்கள் அதைச் சொல்வதில்லை என்பதுதான் வியப்பு. சதாப்தி, வந்தே பாரத், டபுள் டெக்கர், பிருந்தாவன், லால்பாக் என்று பெங்களூருக்கு ஓடும் ரயில்களும் சேலம், கோவை, கேரள ரயில்களும் சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை ஒரே தடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. அவசரக்காரர்களும் வசதியுள்ளவர்களும் புதுப் பாதைக்குப் போய்விட்டால், பழைய பாதையில் விடுபடும் நேரத்தில் சேலம் பக்கம் கூடுதல் ரயில் விடலாம், சரக்கு ஓட்டலாம். சோளக்காட்டுச் சந்தையில் விற்கும் பலாவும் அன்னாசியும் புல்லட் ரயிலில் ஏறப்போவதில்லை. காலியாகும் பழைய பாதையில் ஏறக்கூடும். ஆனால் விடுபடும் அந்த நேரம் முன்பதிவில்லாப் பெட்டிகளுக்கும் சாதாரண விரைவு ரயில்களுக்கும் போகும் என்று திட்ட அறிக்கையிலேயே எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அதுவும் உயர்கட்டண ரயில்களுக்கே போகும்.

நிலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சேலம் மாவட்டத்துக்கு அது புது அனுபவம் அன்று. 277 கி.மீ. சென்னை – சேலம் எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிடலாம் என்றதும், அதற்குள் விளைநிலங்களில் கல் நட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நடுவில் ஏறி இறங்க இடமில்லாத பாதை, தன் நிலத்தைக் கொடுத்த ஊருக்குச் சுவராகத்தான் நிற்கிறது.

நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு மலைக்காக எட்டுக் கோடிப் பேர் கொண்ட மாநிலத்தின் ரயில் திட்டத்தை வகுக்க முடியுமா என்று கேட்கலாம். வகுக்கச் சொல்லவில்லை. ஆனால் எழுபது வளைவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், பெரக்கரை நாட்டின் கணக்கு துறையூருக்கும் அரூருக்கும் பொருந்தும். ரயில் நிலையத்துக்குப் போகவே பேருந்து மாறவேண்டிய எந்த ஊருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஊர்கள்தான் அதிகம். அவர்களுக்காக ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யலாம்: சென்னை – பெங்களூரு விரிவான திட்ட அறிக்கையிலும், கோவை – சேலம் ஆய்விலும் நிலையத்துக்கு நிலையம் ஆகும் நிமிடங்களைப் போடும் அட்டவணைக்குப் பக்கத்தில், வட்டத் தலைமையூர்களிலிருந்து சென்னைக்கு இன்று ஆகும் நேரம், திட்டம் வந்தபின் ஆகும் நேரம் என்று இன்னும் இரண்டு பத்திகளைச் சேர்க்கட்டும். அதில் செம்மேட்டுக்கு எதிரே என்ன எண் வருகிறது என்று பார்த்துவிட்டு, எந்தப் பாதைக்கு எவ்வளவு பணம் என்பதைப் பேசலாம். நாமக்கல்லிலிருந்து மலையேறும் பேருந்தை ரயில் வரும்வரை பத்து நிமிடம் நிறுத்திவைக்க அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு அலுவலகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த மாதமே நடக்கும்.