படிக்கட்டில் தொடங்கட்டும் சிகிச்சை

ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 திருப்படித் திருவிழாவுக்கும் திருத்தணி மலை கொள்ளாத கூட்டம் வருகிறது. சரவணப் பொய்கையில் நீராடி, காவடி தூக்கி, 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறுகிறவர்களில் முதியவர்கள் இருக்கிறார்கள்; விரதமிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்; சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அன்றாடம் மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிகளில் ஒருவரின் இதயம் சட்டென நின்றுபோனால், அடுத்த ஐந்து நிமிடங்களில் யார், என்ன செய்வது? இதற்கு மக்கள் நல்வாழ்வுத் துறையும் இந்து சமய அறநிலையத் துறையும் சேர்ந்து விடை சொல்லியாக வேண்டும். மலையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சி தர வேண்டும். படிவழி நெடுக ஏ.இ.டி. என்னும் தானியங்கி மின்அதிர்ச்சிக் கருவிகளை வைக்க வேண்டும். உடலைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரங்களை எல்லாம் அதற்குப் பிறகு வாங்கலாம்.

மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும்; பெரும்பாலும் அவரால் பேச முடியும். இதயத் துடிப்பே நின்றவர் அப்படியல்ல. விழுந்த சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மூளைக்கு ரத்தம் போகாத நிலை நாலைந்து நிமிடம் நீடித்தாலே மூளை சேதமடையத் தொடங்குகிறது. நெஞ்சழுத்தமும் மின்அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. 108 வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் படிக்கட்டின் நடுவில் வந்து நிற்க முடியாது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஏறுவதற்குள் அந்த ஐந்து நிமிடமும் போய்விடும்.

அந்த நேரத்தில் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? சுற்றி நின்று விசிறுகிறோம். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். யாரோ ஓடிப்போய் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றுகிறார். விழுந்தவர் விட்டு விட்டு வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து, "மூச்சு இருக்கு, பயமில்லை" என்கிறார் இன்னொருவர். அங்கேதான் உயிர் போகிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இப்படி ஒரு திணறல் இருக்கும்; அது சுவாசமல்ல. கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். படியின் சரிவில் செய்யக் கூடாது. சமதளத்தில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுக்கி விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. பொதுமக்களுக்காக இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நெஞ்சழுத்தம் மட்டும் போதும் என்றே சொல்கிறது.

இப்போது அந்தப் பெரிய இயந்திரங்கள் தரும், உடலைக் குளிர்விக்கும் சிகிச்சைக்கு வருவோம். துடிப்பு திரும்பியும் நினைவு வராதவரின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் முறை இது. 2002-இல் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஐரோப்பாவில் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நல்ல மூளைத்திறனோடு மீண்டார்கள். குளிர்விக்கப்படாதவர்களில் 39 விழுக்காட்டினர் மீண்டார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 77 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் குளிர்விக்கும் இயந்திரங்களை வாங்கின.

பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்தின. 2013-இல் வந்த ஆய்வில், 33 டிகிரியில் வைப்பதற்கும் 36 டிகிரியில் வைப்பதற்கும் இடையே பலனில் வேறுபாடு தெரியவில்லை. 2021-இல் 14 நாடுகளில் 1,900 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டவர்களில் 50 விழுக்காட்டினரும், காய்ச்சல் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினரும் ஆறு மாதத்துக்குள் இறந்தனர். சில வகை இதய நிறுத்தத்தில் குளிர்வித்தல் உதவுகிறது என்று 2019-இல் பிரான்சு ஆய்வொன்று காட்டியதால் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் மருத்துவ உலகின் கவனம் இன்று காய்ச்சலைத் தடுப்பதில்தான் இருக்கிறது. உடல் வெப்பம் 37.5 டிகிரியைத் தாண்டாமல் மூன்று நாள் காப்பதற்கு இடைவிடாத வெப்பக் கண்காணிப்பும், விழிப்பான செவிலியரும், எளிய குளிர்விப்பு வசதியும் தேவை. இதைத் திருத்தணி அரசு மருத்துவமனையிலேயே தொடங்கி, திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியிலோ சென்னையிலோ தொடரலாம்.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் துடிப்பு மீண்டு மருத்துவமனை வந்து சேர்ந்தவர்கள். 2021 ஆய்வில் பெரும்பாலானோருக்கு அருகில் இருந்த யாரோ ஒருவர் நெஞ்சழுத்தம் கொடுத்திருந்தார். அந்த முதல் கை இல்லாத இடத்தில் குளிர்விக்கும் இயந்திரம் யாருக்காகக் காத்திருக்கும்?

வெளிநாட்டில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைச் சென்னையே கண்டிருக்கிறது. பிறப்பின்போது மூச்சுத் திணறிய பச்சிளம் குழந்தைகளைக் குளிர்விக்கும் முறை பணக்கார நாடுகளில் நல்ல பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஆய்வில் சென்னை மருத்துவக் கல்லூரியும் பங்கேற்றது. 2021-இல் முடிவு வந்தபோது, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 விழுக்காடும், மற்றக் குழந்தைகளில் 31 விழுக்காடும் இறந்திருந்தது தெரிந்தது. கசப்பான அந்த உண்மையை மறைக்காமல் வெளியிட்ட மருத்துவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம் மண்ணில் சோதித்துப் பார்த்த பிறகே பெருஞ்செலவுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது அதன் பாடம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெயிலில் உடல் கொதித்து நினைவு தவறும் வெப்பத் தாக்குக்கு உடனடிக் குளிர்விப்புதான் உயிர்காக்கும் சிகிச்சை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. தமிழகத்தில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்ப் பட்டியலில் கோடைதோறும் இடம்பெறும் திருத்தணியில், மலையிலும் மருத்துவமனையிலும் ஐஸும் தண்ணீரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

சாதாரண மக்களின் கைகள் எதைச் சாதிக்கும் என்பதற்கு டென்மார்க் சான்று. பள்ளிகளிலும் ஓட்டுநர் உரிமத்துக்கும் நெஞ்சழுத்தப் பயிற்சியை அந்நாடு கட்டாயமாக்கியது. இதயம் நின்றவர்களுக்கு அருகில் இருந்தோர் உதவிய விகிதம் 2001-இல் 21 விழுக்காடாக இருந்து 2010-இல் 45 விழுக்காடாயிற்று. ஒரு மாதம் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடானார்கள். அந்த ஆண்டுகளில் ஆம்புலன்ஸும் மருத்துவமனைச் சிகிச்சையும் மேம்பட்டன என்பது உண்மை. ஆனால் தரையில் கிடப்பவரை முதலில் தொட்ட கை பொதுமக்களின் கைதான்.

தமிழகத்துக்கு இது எட்டாத உயரமல்ல. 2008 முதல் 108 சேவை ஓடுகிறது. மாரடைப்பு நோயாளிகளைச் சிறு மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விரைந்து சேர்க்கும் முறையைக் கோவை இதய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6-லிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. முக்கியக் கோயில்களில் மருத்துவ மையங்களும் வந்துள்ளன. ஆனால் இவை எல்லாம் நோயாளி உயிரோடு வந்து சேர்ந்த பிறகு தொடங்குபவை. சபரிமலை ஏற்றத்தில் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்களை வைத்திருக்கிறது கேரளம். திருத்தணியின் படிகளுக்கும், பக்கத்துச் சோளிங்கரின் 1,305 படிகளுக்கும் அந்த அக்கறை வர வேண்டாமா?

"தெரியாதவன் அழுத்தி விலா எலும்பு முறிந்துவிட்டால்?" என்று கேட்கிறார்கள். முறியலாம். எலும்பு கூடிவிடும்; நின்ற இதயத்தைத் தொடாமல் விட்டால் மரணம் உறுதி. "போலீஸ், கோர்ட்டு என்று இழுப்பார்களே" என்ற அச்சத்தில்தான் நியாயம் இருக்கிறது. உதவ முன்வருவோரைக் காக்கும் 134-ஏ பிரிவு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது. அது விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோருக்கானது. கோயில் படியில் மயங்கி விழுந்தவருக்கு உதவுவோருக்கும் அதே பாதுகாப்பை மாநில அரசு சட்டமாகத் தர வேண்டும்.

செய்ய வேண்டியவை இவைதாம். அர்ச்சகர், துப்புரவுப் பணியாளர், முடி காணிக்கை எடுப்போர், பூக்கடை, தேங்காய்க் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், காவலர் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி. அடிவாரம், படிவழி, மேல் பிராகாரம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகியவற்றில் ஏ.இ.டி. கருவி. ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து வருவோர் ஏராளம் என்பதால் தமிழோடு தெலுங்கிலும் விளக்கப் பலகை. மலையிலும் வட்டாரத்திலும் நேரும் ஒவ்வொரு இதய நிறுத்தமும், யார் உதவினார், என்ன ஆயிற்று என்பதோடு பதிவேட்டில் ஏற வேண்டும். எண்ணிக்கை இல்லாமல் எந்தத் திட்டத்தையும் திருத்த முடியாது.

1917-இல் வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிய படித் திருவிழாவில், படிக்கொரு பாட்டுப் பாடிப் பூசை செய்து ஏறுகிறார்கள் அடியார்கள். வரும் டிசம்பர் 31-க்குள் அந்தப் படிவழியில் பயிற்சி பெற்ற கைகளும் கருவிகளும் தயாராக இருக்க வேண்டும். அரசு இன்றே ஆணையிடட்டும்; திருத்தணி மக்கள் பயிற்சிக்கு முதல் ஆளாக முன்வரட்டும்.