கடைக்கு ஷட்டர், கணனிக்கு என்ன?

இரவில் கடை பூட்டும்போது ஷட்டரை இழுத்து, பூட்டை ஒருதரம் ஆட்டிப் பார்க்காமல் எங்கட முதலாளிமார் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் அதே கடையின் கணனித் திரையில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள். கேட்டால், "எங்கட சின்னக் கடைக்குள்ள ஆர் வந்து என்னத்தை எடுக்கப் போறான்?" என்பார்கள்.

கள்ளன் கடை பார்த்து வருவதில்லை. மென்பொருளை ஏவிவிட்டு இணையம் முழுக்கக் கதவு தட்டுகிறான். திறந்த கதவுக்குள் நுழைகிறான். நோர்தாம்டன்சயரில் 1865இல் தொடங்கிய 'நைட்ஸ் ஒஃப் ஓல்ட்' லொறி நிறுவனம் 158 வருடங்கள் ஓடியது. 2023இல் அதன் தாய் நிறுவனமான கேஎன்பி, இணையக் கப்பக்காரரிடம் சிக்கிய பிறகு மூடப்பட்டது. சுமார் 700 பேருக்கு வேலை போனது. ஊழியர் ஒருவரின் இலகுவான கடவுச்சொல்லை ஊகித்தே உள்ளே புகுந்ததாக நம்பப்படுகிறது.

"நான் கணனி தொடுறதேயில்லை" என்பதும் இனிச் செல்லாது. 2022 ஏப்ரலில் இருந்து வட் பதிவுள்ள வியாபாரங்கள் கணக்கை டிஜிட்டலில்தான் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அதற்குள்தான் வருகிறது. தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல் வையுங்கள்; அதை வேறெங்கும் பாவிக்காதீர்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் என்எச்எஸ் மருத்துவமனைகளை முடக்கிய 'வன்னாகிரை'யைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. கணக்குகளைத் தனி டிஸ்கில் பிரதி எடுத்து, கேபிளைக் கழற்றி வையுங்கள். கழற்றாவிட்டால் அந்தப் பிரதியும் சேர்ந்து போகும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எங்கட கடைகளில் முதலாளி சொன்னால் மறுபேச்சில்லை. மோசடிக்காரனுக்கு வாய்ப்பானதும் அதுதான். "அவசரம், இந்தக் கணக்குக்குக் காசு போடு" என்று முதலாளி பெயரில் மின்னஞ்சல் வந்தால், ஏச்சுக்குப் பயந்த பெடியன் திருப்பிக் கேட்பானா? பிழையான லிங்கை அழுத்திவிட்டால் உடனே சொல்வானா? மறைப்பான். அந்த ஒரு மணித்தியாலத்தில் காசு கைமாறிவிடும்.

ஆகவே கடையில் ஒரு சட்டம் போடுங்கள். வங்கி இலக்கம் மாறியதாக யார் எழுதினாலும், நான் எழுதினாலும் சரி, ஏற்கனவே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் காசு அனுப்ப வேண்டும். கேட்டவரை ஏசக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 159ஐ அழுத்துங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு இணைப்பார்கள். வாடிக்கையாளர் விவரம் கசிந்து அவர்களுக்குப் பாதிப்பு வரலாம் என்றால், 72 மணித்தியாலத்துக்குள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இதை வாசிக்கும் இளையவர்களுக்கும் ஒரு சொல். அப்பாவின் கடைக் கணனியை நீங்கள்தான் அமைத்துக் கொடுத்திருப்பீர்கள். இந்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் அவரோடு பக்கத்தில் இருந்து இவற்றைச் செய்து காட்டுங்கள். நீங்களே செய்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள். நாளைக்குக் கடையில் நிற்கப் போவது அவர்தான்.