சின்ன யானையின் புதிர்கள்

பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு என்பார்கள் சிலர். அதைத் தொட்டதே இல்லை என்பார்கள் பலர். விஷயம் வேறு. பாரம் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயர்கிறது. சாலையில் விழ வேண்டிய ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. அந்த வெளிச்சத்தைக் கீழே இறக்கத்தான் அந்தச் சக்கரம். காலி வண்டிக்கு 0. பாரம் கூடக்கூட எண்ணையும் கூட்ட வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் இரவில் கண் கூசவைத்து வரும் சரக்கு வண்டிகளில் கணிசமானவை இந்தச் சக்கரம் 0-விலேயே நிற்பவை.

பிக்கப் வண்டியில் இப்படிப் புரியாத அம்சங்கள் நிறைய. வாங்கியவர் முதல் மாதம் வியக்கிறார். அடுத்த மாதம் எரிச்சலடைகிறார். அதற்கடுத்த மாதம் மெக்கானிக்கிடம் போய் மாற்றிவிடுகிறார். விபரீதம் ஆரம்பிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

இந்தியாவில் பிக்கப் என்பது பெரும்பாலும் பிழைப்புக்கான வண்டி. 2005-ல் டாட்டா ஏஸ் வந்தபோது இந்தச் சந்தையே மாறியது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி. முக்கால் டன் பாரம். மூன்று சக்கர ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் கூடுதல், லாரிக்கு எத்தனையோ படி கீழே. வட இந்தியா அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர் வைத்தது. தமிழ்நாடு 'குட்டி யானை' என்றது. அதற்குமுன் கூலிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பலர் சொந்த வண்டிக்காரர்கள் ஆனார்கள். தில்லி ஆசாத்பூர் மண்டியானாலும் நவி மும்பை வாஷி மார்க்கெட்டானாலும் விடிவதற்குள் காய்கறியைக் கடைத்தெருவில் சேர்ப்பவை இந்த ரக வண்டிகள்தான். அவற்றை ஓட்டுபவரே பல சமயம் உரிமையாளர், சுமை தூக்குபவர், கணக்கெழுதுபவர் எல்லாம்.

அவருக்கு முதல் எரிச்சல், இருக்கையின் சூடு. இந்த ரகச் சிறு வண்டிகளில் இன்ஜின் இருப்பது இருக்கைக்கு அடியில். ஆயில் பார்ப்பதற்கும் இருக்கையைத் தூக்க வேண்டும். ஏன் இப்படி? ஏஸின் மொத்த நீளம் 3.8 மீட்டர். குறுகிய சந்தில் நுழைந்து திரும்புவதற்காக வைத்த அளவு அது. அதற்குள் இன்ஜினுக்குத் தனியாக ஒரு மூக்கு வைத்தால் தொட்டியின் நீளம் குறையும். தொட்டியின் நீளம்தான் வண்டிக்காரரின் வருமானம். ஆகவே வடிவமைத்தவர் இன்ஜினை மனிதனுக்கு அடியில் தள்ளிவிட்டார். மே மாதத்தில் நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ பத்து மணி நேரம் ஓட்டுகிறவருக்குத்தான் இந்தக் கணக்கின் விலை தெரியும்.

தொட்டியிலும் ஒரு புதிர். ஏஸின் தொட்டி 2200 மில்லிமீட்டர் நீளம், 1490 மில்லிமீட்டர் அகலம். கடையில் விற்கும் பிளைவுட் பலகை எட்டு அடிக்கு நான்கு அடி. அகலத்தில் தாராளமாகப் படுக்கிறது. நீளத்தில் ஒன்பது அங்குலம் வெளியே நிற்கிறது. பின் கதவைச் சங்கிலியில் கிடையாகத் தொங்கவிட்டால் அந்த ஒன்பது அங்குலத்துக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் கம்பி, குழாய் போன்ற நீண்ட சரக்குக்குச் சங்கிலியையே கழற்றிக் கதவை முழுதாகத் தொங்கவிடுகிறார்கள். பல பிக்கப்புகளில் பின் விளக்குகள் தொட்டிக்குக் கீழே, சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. தொங்கும் கதவு அவற்றை மறைத்துவிடும். நம்பர் பிளேட்டும் தெரியாது. பின்னால் வருபவருக்கு இருட்டில் ஒரு கறுப்புத் தகரமும் அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும்தான். பிரேக் போட்டாலும் அவருக்குத் தெரியாது.

விளக்கைக் கீழே வைத்ததற்குக் காரணம் உண்டு. கேபினும் சட்டமும் மட்டும் வாங்கித் தங்கள் தேவைக்கேற்பத் தொட்டி கட்டிக்கொள்பவர்கள் அநேகம். தொட்டி எப்படி மாறினாலும் விளக்கும் ஒயரும் மாறாமல் இருக்க வேண்டுமானால் அவற்றைச் சட்டத்தில் வைப்பதே வசதி. கதவைத் தொங்கவிட்டு ஓட்டக்கூடாது என்பது மட்டும் ஓட்டுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஸ்டெப்னி இன்னொரு தலைவலி. பெரும்பாலான பிக்கப்புகளில் அது தொட்டிக்கு அடியில் தொங்குகிறது. சேறும் தண்ணீரும் பட்டு, தாங்கும் நட்டு துருப்பிடித்து இறுகிவிடுகிறது. பாரத்தோடு போகும்போது பின் டயர் பஞ்சர் ஆனால் வண்டி மேலும் தாழ்ந்து, ஸ்டெப்னியை வெளியே இழுக்க இடமிருக்காது. முதலில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். அல்லது சரக்கை இறக்க வேண்டும். இங்கும் காரணம் தொட்டிதான். சரக்கு வைக்கும் இடத்தில் ஒரு சக்கரத்தை வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. மாதம் ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி நட்டுக்கு எண்ணெய் விட்டு, காற்றும் பார்த்து ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். அதைச் செய்பவர்கள் குறைவு.

எல்லோரும் சொல்லும் புகார், காலி வண்டியின் குலுக்கல். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சிறு பள்ளத்தில்கூட வண்டி குதிக்கிறது, முதுகு நோகிறது. பட்டை ஸ்பிரிங்கை முழுப் பாரத்துக்குக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பாரம் இல்லாதபோது அது வளைவதில்லை. காசு கூடக் கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. 2016-ல் வந்த இசுசு வி-கிராஸ், 2022-ல் 30 லட்ச ரூபாய்க்கு மேல் விலையில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற சொகுசு பிக்கப்புகளிலும் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங்தான். ஐந்து பேர் சாய்ந்து உட்கார்ந்து போகிற வண்டி காலியாக இருந்தால் ஏன் துள்ளுகிறது என்று அவற்றின் உரிமையாளர்களும் கேட்கிறார்கள்.

ஆனால் சரக்கு வண்டிக்காரர் கேட்பது நேர் எதிரான கேள்வி. பாரம் ஏற்றினால் வண்டி ஏன் தாழ்கிறது என்று அவர் கவலைப்படுகிறார். அனுமதித்ததைவிடக் கூட ஏற்றுவதுதான் வழக்கம். 2019 செப்டம்பர் முதல் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் கடுமையானது. வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. எனவே வண்டி கமானிக் கடைக்குப் போகிறது. கமானி என்றால் இந்தியில் பட்டை ஸ்பிரிங். அங்கே இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்கிறது. உரிமையாளருக்குத் திருப்தி.

அவருக்குத் தெரியாத ஒன்று அங்கே நடந்துவிடுகிறது. ஏபிஎஸ் இல்லாத பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு கம்பியும் நெம்புகோலும் இருக்கும். பார்த்தால் யாரோ தற்காலிகமாகக் கட்டிவைத்ததுபோல் இருக்கும். அது பாரத்தை அளந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வின் கை. பாரம் ஏறினால் ஸ்பிரிங் வளைந்து சட்டம் அச்சை நெருங்குகிறது, நெம்புகோல் நகர்கிறது, பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகிறது. வண்டி காலியானால் சட்டம் உயர்கிறது, அழுத்தம் குறைகிறது. காலி வண்டியில் பின் சக்கரத்தின்மேல் எடை குறைவு. முழு அழுத்தம் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

வால்வுக்கு எடை தெரியாது. இடைவெளி மட்டும்தான் தெரியும். கூடுதல் பட்டை போட்ட வண்டி எவ்வளவு ஏற்றினாலும் தாழ்வதில்லை. ஆகவே வண்டி காலி என்றே வால்வு நினைக்கிறது. ஒன்றரை மடங்கு சரக்கை வைத்துக்கொண்டு இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது பின் சக்கரங்கள் அரை மனதோடு வேலை செய்கின்றன. முன் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் தாங்கிச் சூடாகிறது. வண்டி நிற்க வேண்டிய தூரம் நீள்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை இமாசலப் பிரதேசத்தின் மலைச்சாலைகளில் ஆப்பிள் பெட்டிகளோடு இறங்கும் பிக்கப்புகளுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

இதற்கு மெக்கானிக் சொல்லும் கைவைத்தியம் இன்னும் ஆபத்தானது. நெம்புகோலை முழுப் பார நிலையிலேயே கம்பியால் கட்டிவிடுகிறார். இப்போது பாரத்தோடு பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. காலியாகத் திரும்பும்போது, ஈரச் சாலையில், வண்டியின் பின்புறம் முன்னால் வந்து நிற்கிறது. விபத்துக்குப் பிறகு டிரைவரின் அவசரம் என்று ஊரே பேசும். அந்தக் கம்பிக் கட்டை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

புதிய வண்டிகளில் புதிய புதிர். 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. புகைபோக்கி நன்றாகச் சூடானால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். மண்டிக்கும் கடைக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் அந்தச் சூடு வருவதேயில்லை. விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் தானாகச் சரியாகும் என்று சொல்லப்படாத உரிமையாளர், சென்சார் கோளாறு என்று நினைத்துச் செலவழிக்கிறார். வடிகட்டியையே எடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

ஆனால் விளக்கிச் சொல்வதால் தீராத குறைகளும் இருக்கின்றன. ஏஸ் போன்ற வண்டியின் கேபினில் டிரைவர் போக ஒருவர்தான் உட்காரலாம். வேலையோ மூவருடையது: ஓட்டுபவர், சரக்குக்காரர், ஏற்றி இறக்குபவர். மூன்றாமவர் தொட்டியில் சரக்கின் மேல் உட்கார்கிறார். திருவிழா, கல்யாணம் என்றால் தொட்டியில் இருபது பேர். 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம், சரக்கு வண்டியில் வரும் சரக்கின் உரிமையாளரையும் அவரது பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. மற்றபடி சும்மா ஏறிக்கொண்ட பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை. அப்படியொரு விபத்தில் இழப்பீட்டுச் சுமை கடைசியில் வந்து விழுவது வண்டிக்காரரின் தலையில். தவணை முடியாத வண்டியை விற்றாலும் அது தீராது.

சூட்டுக்கும் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏர் கண்டிஷனர் இருக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. டிரைவர்களின் அயர்ச்சி விபத்துக்குக் காரணமாகிறது என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் அந்த விதி என்2, என்3 என்ற வகைகளுக்கு மட்டும், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு. குட்டி யானையும் அதன் இனமும் என்1. இன்ஜின்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவர்தான் விதிக்கு வெளியே நிற்கிறார்.

சிறிய வண்டியின் விலை ஏறினால் வாங்குபவருக்குக் கட்டுப்படியாகாது என்பது நியாயமான வாதம். இருக்கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே நல்ல வெப்பத் தடுப்பு, கேபினுக்குள் காற்று வர வழி, சரக்கு ஏற்றுபவருக்கு மூன்றாவது இருக்கை என்பவற்றுக்கும் அதே பதில் சொல்வது சரியாகாது. மற்றதெல்லாம் இன்னும் சுலபம். ஹெட்லைட் சக்கரத்தின் பக்கத்தில் பாரத்தின் படம், பிரேக் வால்வின்மேல் தொடாதே என்ற எச்சரிக்கை, பின் கதவின் உட்புறம் ஒரு வரி. எல்லாம் அந்தந்த மாநில மொழியில். எஃப்.சி.க்கு வரும் வண்டியின் அடியில் குனிந்து, கூடுதல் பட்டையையும் கட்டிவைத்த நெம்புகோலையும் பார்க்கும் ஆய்வாளர் ஒருவரும் வேண்டும்.

அதுவரை வண்டிக்காரர் ஒன்று செய்யலாம். எரிச்சலூட்டும் எதையும் கழற்றுவதற்குமுன், அது யாருக்காக வைக்கப்பட்டது என்று சர்வீஸ் நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிடலாம். பல சமயம் அது சரக்குக்காக வைத்ததாக இருக்கும். சில சமயம் அவர் உயிருக்காகவே வைத்ததாகவும் இருக்கும்.