கிராஃபர்டின் புத்தகம்
அரண்மனைக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்று அறியத் துடிப்பதில் தவறே இல்லை. அந்த ஆவலுக்கு வேலைக்காரர்கள் கொடுத்த விலைதான் என்னை வருத்துகிறது. மேரியன் கிராஃபர்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெண், 1930களின் தொடக்கத்திலிருந்து 1940களின் கடைசிவரை பிரிட்டிஷ் இளவரசிகள் எலிசபெத்துக்கும் மார்கரெட்டுக்கும் வீட்டு ஆசிரியை. பணிக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டு, 1947இல், 38 வயதில்தான் மணமுடித்தார். 1950இல் 'தி லிட்டில் பிரின்சசஸ்' என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதில் ராஜ ரகசியம் ஒன்றும் கிடையாது. பொம்மைக் குதிரைகளுக்குத் தினமும் இரவில் சேணம் கழற்றிவிடும் சிறுமி எலிசபெத். கழற்றிவைத்த காலணிகள் நேராக இருக்கின்றனவா என்று படுக்கையிலிருந்து எழுந்துவந்து பார்க்கும் எலிசபெத். வரிக்கு வரி பாசம். எழுத வேண்டாமென்று அரச குடும்பம் சொல்லியிருந்தது உண்மை. மீறியது பிழையென்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஆயுள் முழுக்க ஒதுக்கிவைப்பதா? 1988இல் அவர் இறந்தபோது அரண்மனையிலிருந்து ஒரு மலர்வளையம்கூட வரவில்லை. இளவரசிகளின் வளர்ப்பைக் கொண்டாடியவர்கள் வளர்த்தவரை மறந்தது பெரிய அநியாயம். 1887இல் ஆக்ராவிலிருந்து சென்று, விக்டோரியா அரசிக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்த அப்துல் கரீமுக்கு இதைவிடக் கொடுமை நடந்தது. 1901இல் அரசி கண்மூடியதும், அவர் கரீமுக்கு எழுதிய கடிதங்களை எரிக்கவைத்தார் மகன் ஏழாம் எட்வர்ட். கரீமின் நாட்குறிப்பை மட்டும் அவருடைய குடும்பத்தார் எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள். இந்த இருவரையும் தேடிப் படியுங்கள்.