பின்சீட்டுக்கு அடியில்

காரின் பின்சீட் பார்வைக்கு ஒரே பொருள். உண்மையில் இரண்டு துண்டு. உட்காரும் மெத்தை ஒன்று, முதுகுச் சாய்வு ஒன்று. சாய்வைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் மெத்தையின் பின் ஓரத்தில் மறைந்திருப்பதால், கழற்றும்போது மெத்தைதான் முதலில் வரவேண்டும்.

கழற்ற வைக்கும் காரணங்களில் பெரியது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் முங்கிய கார்களுக்குச் சீட்டை எடுக்காமல் வைத்தியமே இல்லை. கார்ப்பெட் மேலே காய்ந்துவிடும். அதற்கடியில் சத்தத்தை அடக்க ஒட்டியிருக்கும் தடித்த கம்பளம் வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். நாற்றமும் துருவும் அங்கிருந்தே தொடங்கும். எலி கடித்த ஒயரைத் தேடுவது, பெட்ரோல் பம்ப்பைப் பார்ப்பது ஆகியவை அடுத்த காரணங்கள்.

சீட்டில் ஏர்பேக்கோ சென்சாரோ இருந்தால், சாவியை அணைத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக்குடையது; அதை இழுத்துப் பார்க்கக்கூடாது. ஹைபிரிட் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே கை போகக்கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

முன்சீட்டுகளை முன்னால் தள்ளி இடம் செய்துகொண்டபின் மெத்தைக்கு வரலாம். சில கார்களில் போல்ட் இருக்கும். பலவற்றில் போல்ட்டே கிடையாது. மெத்தையின் முன் ஓரத்தில் இரண்டு கம்பி வளையங்கள் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குள் அமர்ந்திருக்கும். கிளிப்புக்கு நேர் மேலே ஓரத்தைப் பிடித்து, ஒரு பக்கத்தை நேராக மேல்நோக்கி வெடுக்கென்று தூக்கவேண்டும், பிறகு மறுபக்கம். மெதுவாக ஆட்டி ஆட்டி இழுப்பதில்தான் கிளிப் உடையும். பத்து வருட வெயில் கண்ட பிளாஸ்டிக் எப்படி இழுத்தாலும் உடையலாம். புதுக் கிளிப் இரண்டை முன்பே வாங்கி வைப்பது நல்லது. முன்பக்கம் விடுபட்டதும் பெல்ட் பக்கிள்களைத் துளை வழியே கீழே நழுவவிட்டு, பின் ஓரத்தின் கொக்கியிலிருந்து மெத்தையை விடுவித்து வெளியே எடுக்கலாம்.

மெத்தை போனதும் பல கார்களில் தரைத் தகட்டில் ஒரு சிறு மூடி தெரியும். அதற்கடியில் பெட்ரோல் டேங்க், உள்ளே பம்ப். பின் அச்சுக்கு முன்னால் டேங்க்கை வைப்பது, பின்னாலிருந்து மோதும் வண்டியிடமிருந்து அதைத் தள்ளிவைக்கத்தான். அமெரிக்காவின் ஃபோர்டு பின்ட்டோவில் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. மோதலில் தீப்பிடித்த வழக்குகளுக்குப் பிறகு 1978இல் அந்த ரகக் கார்கள் சுமார் 15 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. மூடியைத் திறக்கும் வேலை இருந்தால் காற்றோட்டம் வேண்டும், தீப்பொறி ஆகாது.

சாய்வுக்கு அடியில் இரண்டு மூன்று போல்ட். அவற்றைக் கழற்றிவிட்டு முன்னால் இழுத்தால் வராது. மேலே தூக்கினால்தான் உச்சியில் உள்ள கொக்கி விடும். மடியும் சாய்வு என்றால் இரு ஓரத்திலும், அறுபது-நாற்பதாகப் பிரிந்த சாய்வில் நடுவிலும், கீல்களின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். நடுப் பயணியின் பெல்ட் சாய்வுக்குள்ளேயே சுருண்டிருக்கும் ரகங்களும் உண்டு.

டிக்கியைப் பெரிதாக்க சீட்டை நிரந்தரமாகக் கழற்றிவிடும் யோசனை சிலருக்கு வரும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. அதற்கு முரணாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை போடுகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விட்டாலும், பிரேக் பிடிக்கும்போது டிக்கிச் சாமான் முன்னால் பாயாமல் தடுப்பது அந்தச் சாய்வுதான்.

திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் சாய்வு, பிறகு மெத்தை. பெல்ட் போல்ட்டைக் கழற்றியிருந்தால் அதே போல்ட்டை, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கவேண்டும். வண்டி முழுக்க மில்லிமீட்டர் மரையாக இருந்தாலும் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல மரை; ஹார்டுவேர் கடையின் மாற்றுப் போல்ட் இரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். கடைசியாக மெத்தையை அழுத்துமுன் பக்கிள்கள் மூன்றும் மேலே வந்தனவா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அடியில் ஒன்று மாட்டிக்கொண்டால், மெத்தையை மறுபடி வெடுக்கென்று தூக்க வேண்டியதுதான்.